நடுவரின் அளவுகோல்

(வடசென்னை டோல்கேட்டில் இளைஞர் மன்றப் பொறுப்பாளர்கள் முன் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கிராமப்புற இளைஞர் மன்றங்களின் வரலாறும் அவற்றோடு சேர்ந்து வளர்ந்த கண்காட்சிப் போட்டிகளும்தான் நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள். ஒருபக்கம் துறைமுகம், மறுபக்கம் எண்ணூர் வரை ஆலைகள், நடுவே கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலை. இந்த டோல்கேட்டில் வந்து மக்காச்சோளக் கதிரையும் கோழி முட்டையையும் பற்றிப் பேசுவானேன் என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் மேடையை விட்டு இறங்க மாட்டேன். முதலில் நம் தெருவிலிருந்தே தொடங்குகிறேன். பொங்கல் விழாவில் கோலப் போட்டி வைக்கிறோம், கயிறு இழுக்கிறோம், உறி அடிக்கிறோம், கேரம் ஆடுகிறோம். கோலப் போட்டியில் முதல் பரிசு எவர்சில்வர் குடம் ஒரு வீட்டுக்குப் போனதும் பக்கத்து வீட்டில் முணுமுணுப்பு எழுகிறது. நடுவர் எதைப் பார்த்தார், புள்ளி பிசகாமல் போட்டதற்கு எவ்வளவு மதிப்பெண், வண்ணத்துக்கு எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாது. கேரத்தில் அந்த முணுமுணுப்பு கிடையாது. சிவப்புக் காய் விழுந்தால் துணைக்கு இன்னொரு காயும் விழ வேண்டும் என்பது பலகையைச் சுற்றி நிற்கும் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அங்கே தெருவே நடுவர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா, மெட்ரோவில் இங்கிருந்து ஒரு நிலையம் தள்ளியுள்ள புதுவண்ணாரப்பேட்டையில், செரியன் நகரில் வளர்ந்த பெண். ஆட்டோ ஓட்டுநரின் மகள். அவருடைய உழைப்பையும் அவர் தந்தை தந்த பயிற்சியையும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஆட்டத்தின் அளவுகோல் தெருவுக்குத் தெரிந்திருந்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

என் வாதம் இதுதான். ஒரு போட்டியால் ஊருக்குக் கிடைக்கும் பெரிய ஆதாயம் வெற்றியாளர் இல்லை; அளவுகோல். எது நல்ல பொருள், எது அதைவிட நல்ல பொருள், ஏன் என்று சொல்லும் அறிவு அதுவரை வியாபாரியிடமோ அதிகாரியிடமோ இருந்திருக்கும். போட்டி அதை மேசைமேல் வைத்து எல்லோருக்கும் காட்டுகிறது. அதனாலேயே ஆபத்தும் உண்டு. அளவுகோல் பிழையானால் ஊரே ஒற்றுமையாகத் தவறான வழியில் நடக்கும். இந்த இரண்டுக்கும் வரலாற்றில் சான்று இருக்கிறது.

1807இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பிட்ஸ்ஃபீல்டு என்ற சிற்றூரில், எல்கானா வாட்சன் என்பவர் இரண்டு மெரினோ ஆடுகளை ஊர்ப் பொதுத்திடலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். ஸ்பெயின் நாட்டு உயர்ரகக் கம்பளி ஆடுகள். கூட்டம் கூடியது. சில ஆண்டுகளில் அதுவே கால்நடைக் கண்காட்சியாகி, 1811இல் பெர்க்சயர் வேளாண் சங்கம் என்ற அமைப்பும் ஏற்பட்டு, பரிசு, ஊர்வலம், பெண்கள் வீட்டில் நெய்த துணிக்குத் தனிப் போட்டி என்று விரிந்தது. கற்றறிந்த நிலக்கிழார்கள் கூடிக் கட்டுரை வாசிக்கும் வேளாண் சங்கங்கள் அதற்கு முன்பே அந்த நாட்டில் இருந்தன. அவற்றால் சாதாரண உழவனுக்கு ஒரு பயனும் விளையவில்லை. வாட்சன் கம்பளியின் தரத்தை உழவனின் விரலுக்கே எட்டும்படி செய்தார். தொட்டுப் பார்த்தவன் தன் வீட்டு ஆட்டையும் தொட்டுப் பார்க்காமல் இருந்திருப்பானா? அமெரிக்காவின் மாவட்டக் கண்காட்சிகளுக்கெல்லாம் அந்தத் திடலைத்தான் தொடக்கமாகச் சொல்கிறார்கள்.

இளைஞர்கள் இந்தக் கதைக்குள் வந்தது ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் கழித்து. அதற்குக் காரணம் பெரியவர்களின் பிடிவாதம். புதிய விதை, புதிய முறை என்று பல்கலைக்கழகங்கள் சொன்னதை அப்பாக்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இல்லினாய் மாநிலத்தின் மக்கூபின் மாவட்டத்தில் வில் ஆட்வெல் என்பவர் உழவர் கூட்டம் போட்டுப் பார்த்தார், ஆள் வரவில்லை. நல்ல மக்காச்சோள விதையைப் பொட்டலம் கட்டிச் சிறுவர்களுக்கு அனுப்பி, விளைந்த கதிரைக் கொண்டுவந்தால் பரிசு என்று அறிவித்தார். பிள்ளைகள் கதிரோடு வந்தார்கள். பிள்ளைகளைப் பார்க்கப் பெற்றோரும் வந்தார்கள். மண்டபம் நிறைந்தது. 1902இல் ஒஹாயோவின் கிளார்க் மாவட்டத்தில் ஏ. பி. கிரஹாம் என்ற பள்ளி மேற்பார்வையாளர் நீதிமன்றக் கட்டடத்தின் நிலவறையில் சிறுவர் சிறுமியரைக் கூட்டி ஒரு மன்றம் தொடங்கினார். முதல் வேலைகளில் ஒன்றாக லிட்மஸ் தாளைக் கொடுத்து, அவரவர் வீட்டு நிலத்தின் மண்ணைச் சோதிக்கச் சொன்னார். தாள் சிவந்தால் மண்ணில் புளிப்பு. பத்து வயதுப் பையன் தன் அப்பாவுக்குத் தெரியாத ஒன்றை அப்பாவின் நிலத்தைப் பற்றியே சொல்ல முடிந்தது. இந்த லிட்மஸ் தாளை நினைவில் வைத்திருங்கள். எண்ணூர்க் கழிமுகத்துக்குப் போகும்போது மறுபடி தேவைப்படும். இப்படி ஆங்காங்கே முளைத்த மன்றங்களையெல்லாம் 1914இன் ஸ்மித்-லீவர் சட்டம் வேளாண் விரிவாக்கத் துறையோடு இணைத்தது. தலை, இதயம், கை, உடல்நலம் என்று நான்கு இலைச் சின்னத்தோடு இன்று உலகெங்கும் அறியப்படும் ஃபோர்-எச் இயக்கம் அப்படித்தான் உருவானது.

அந்த மக்காச்சோள மன்றங்களின் புகழ்பெற்ற வெற்றி 1910இல் வந்தது. தென் கரோலினாவைச் சேர்ந்த ஜெர்ரி மூர் என்ற சிறுவன் ஒரே ஏக்கரில், புஷல் என்ற தானிய அளவில், 228க்கு மேல் அறுவடை செய்தான். அந்நாட்களில் நாட்டின் சராசரி முப்பதைக்கூடத் தொடவில்லை. என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய சாதனை, மன்றம் ஒவ்வொரு பிள்ளையையும் கணக்குப் புத்தகம் எழுத வைத்தது. எத்தனை உழவு, எவ்வளவு உரம், என்ன செலவு, என்ன வரவு என்று எழுதாமல் கதிரை மட்டும் கொண்டுவந்தால் போதாது. ஆனால் அதே காலத்தில் அதே பயிருக்கு வேறொரு போட்டியும் நடந்துகொண்டிருந்தது, அழகுப் போட்டி. கதிர் உருளையாக இருக்க வேண்டும், மணிவரிசை நேராக ஓட வேண்டும், நுனிவரை மணி நிறைந்திருக்க வேண்டும். அயோவா மாநிலத்தின் பேராசிரியர் பெர்ரி ஹோல்டன் இந்தக் கலையில் மகா நிபுணர். அவர் முதல்தரம் என்று சொன்ன கதிர்தான் ஊரெல்லாம் விதையாகும். 1904இல் ஹென்றி வாலஸ் என்ற பதினாறு வயதுப் பையன், ஹோல்டன் தரம்பிரித்த கதிர்களையே வாங்கித் தனித்தனி வரிசையாக விதைத்து, விளைச்சலை நிறுத்துப் பார்த்தான். அழகுக்கும் விளைச்சலுக்கும் தொடர்பில்லை என்று தராசு சொல்லிவிட்டது. பார்க்கச் சகிக்காத சில கதிர்கள் பரிசுக் கதிர்களை முந்தின. இந்தப் பையன்தான் பின்னாளில் கலப்பின மக்காச்சோள விதை நிறுவனம் தொடங்கி, 1941 முதல் 1945 வரை அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவராகவும் இருந்தவர். எத்தனை ஆண்டுகள் எத்தனை உழவர்கள் நேர்வரிசை மணிக்காகப் பாடுபட்டிருப்பார்கள் என்று எண்ணினால் பரிதாபமாக இருக்கிறது.

அமெரிக்கனைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் நம் மாட்டுச் சந்தைகளையும் ஒரு பார்வை பார்க்கலாம். ஆடி மாதம் நடக்கும் அந்தியூர்க் குருநாதசாமி கோயில் சந்தைக்கும், காங்கேயம் பக்கம் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் சந்தைக்கும் போய்வந்தவர்களுக்குத் தெரியும், காளையைப் பார்க்கும் கண் எவ்வளவு கூர்மையானது என்று. குளம்பு, திமில், கால் வைப்பு, பல் என்று பார்ப்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாகத் தேறிய அறிவு. அதோடு சேர்த்துச் சுழியும் பார்ப்பார்கள். இன்ன இடத்தில் இன்ன சுழி இருந்தால் வாங்கியவன் குடும்பத்துக்கு ஆகாது என்று நல்ல வலுவுள்ள காளையின் விலை சரிந்துவிடும். குளம்பைப் பார்ப்பவரும் சுழியைப் பார்ப்பவரும் ஒரே ஆள், ஒரே கண். சோதித்த அளவும் சோதிக்காத அளவும் ஒன்றாகக் கலந்து கிடப்பது எல்லா ஊரிலும் உண்டு. அவற்றைப் பிரித்துக்காட்ட வாலஸின் தராசு போல ஏதாவது ஒன்று தேவைப்படுகிறது.

இனி நம் மாநிலத்துக்கு வருகிறேன். இளைஞர் மன்றமும் கண்காட்சிப் போட்டியும் தமிழ் மண்ணில் உண்மையாகவே பலன் கொடுத்த இடம் ஒன்று சொல்லுங்கள் என்றால் நான் மார்த்தாண்டத்தைத்தான் சொல்வேன். அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் கன்னியாகுமரி மாவட்டமாக நம்மோடு சேர்ந்தது. அங்கே ஒய்.எம்.சி.ஏ. நடத்திய கிராமப் புனரமைப்பு நிலையத்தின் பின்னால் இரண்டு பேர். ஒருவர் 1876இல் சேலத்தில் பிறந்த கே. டி. பால். 1916இல் இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் தேசியப் பொதுச் செயலாளரான முதல் இந்தியர். வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர். நகரத்து மாணவர்களுக்கு விடுதியும் விளையாட்டுத் திடலும் நடத்திக்கொண்டிருந்த ஒரு சங்கத்தைக் கிராமத்துக் கடன் பிரச்சினையின் பக்கம் திருப்பியவர் அவர். இன்னொருவர் கர்னல் பல்கலைக்கழகத்தில் படித்த அமெரிக்கர் டி. ஸ்பென்சர் ஹாட்ச். 1920களில் மார்த்தாண்டத்துக்கு வந்து, ஏறக்குறைய 1940 வரை அங்கே வேலை பார்த்தார். 1932இல் அவர் எழுதி வெளிவந்த நூல் இந்த முயற்சியை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியது. இலவசமாக எதையும் கொடுப்பதில்லை, ஊரார் தாங்களே செய்துகொள்வதற்கு அருகில் இருந்து யோசனை சொல்வது என்பதுதான் அவர் கொள்கை. அந்தக் கொள்கைக்கு ஏற்ற கருவிகளாக மன்றங்களைப் பிடித்தார். கோழி வளர்ப்போர் மன்றம், தேனீ வளர்ப்போர் மன்றம், முட்டை விற்போர் மன்றம். ஆண்டுக்கு ஒருமுறை கண்காட்சி.

முட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். வீடு வீடாக வந்து முட்டை வாங்கிப்போகும் வியாபாரிக்குச் சிறியதும் பெரியதும் ஒரே விலை. இன்று இட்டதும் பத்து நாள் ஆனதும் ஒரே கூடை. கெட்டுப்போவதற்கும் சேர்த்து அவன் விலையைக் குறைத்துத்தான் கேட்பான். அவனைக் குற்றம் சொல்வதில் அர்த்தமில்லை. நல்ல முட்டைக்கும் மோசமான முட்டைக்கும் வேறுபாடு காட்ட வழியில்லாத சந்தையில் நல்ல முட்டையைக் கொடுக்க யாருக்கு என்ன அவசியம்? மன்றம் முட்டையைத் தரம்பிரித்து முத்திரையிட்டு வெளியூருக்கு அனுப்பத் தொடங்கியது. வெள்ளை லெகார்ன் சேவலைக் கொண்டு நாட்டுக்கோழியின் இனத்தை மேம்படுத்தும் வேலையும் கூடவே நடந்தது. நம் வெயிலில் சேவலோடு சேர்ந்த கோழியின் முட்டை சீக்கிரம் கெடும், கரு வளரத் தொடங்கிவிடும். சேவலைப் பிரித்துவைத்தால் முட்டை அதிக நாள் தாங்கும். அந்த அறிவுக்குக் காசு மதிப்பு வந்தது, தரம்பிரித்த விலை வந்த பிறகுதான். கண்காட்சி மேசையில் பரிசு வாங்கிய முட்டை எந்தக் காரணத்துக்காக வாங்கியதோ, அதே காரணத்துக்காகத்தான் மறுநாள் முட்டை விற்போர் மன்றத்திலும் கூடுதல் விலை வாங்கியது. மார்த்தாண்டத்தின் இரகசியம் என்று ஒன்று இருந்தால் அது இந்த ஒற்றுமைதான்: நடுவரின் அளவும் வாங்குபவரின் அளவும் ஒன்றாக இருந்தன.

தேன் இன்னும் தெளிவான சான்று. பழைய முறையில் தேன் எடுப்பது என்றால் புகைபோட்டுக் கூட்டை அறுத்துக் கையால் பிழிவது. மெழுகு, மகரந்தம், புழு எல்லாம் தேனோடு கலந்துவரும், சீக்கிரம் புளிக்கும், கூடும் அழியும். திருச்சி, கொடைக்கானல் பக்கம் பணியாற்றிய நியூட்டன் என்ற ஏசுசபைப் பாதிரியார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் நாட்டுத் தேனீயின் உடலளவுக்கு ஏற்ற சிறிய பெட்டி ஒன்றை வடிவமைத்தார். நியூட்டன் பெட்டி என்று இன்றும் அதற்குப் பெயர். சட்டத்தை எடுத்துச் சுழற்று கருவியில் வைத்துச் சுற்றினால் தேன் மட்டும் வெளியேறும். அடையைத் திருப்பிப் பெட்டியிலேயே வைத்துவிடலாம். பெட்டி வந்ததால் மட்டும் தொழில் வந்துவிடவில்லை. பிழிந்த தேனையும் சுழற்றிய தேனையும் பக்கத்தில் பக்கத்தில் கண்ணாடிப் புட்டியில் வைத்து, இது ஏன் முதல், அது ஏன் இல்லை என்று சொல்லும் மேசை ஒன்று வேண்டியிருந்தது. தெளிவு, நிறம், கெட்டித்தன்மை என்று அளவு ஊருக்குப் புரிந்தது. தேனீ வளர்ப்போரின் சங்கம் அந்த அளவில் வாங்கியது. ரப்பர்த் தோட்டங்களில் புதுத்தளிர் விடும் பருவத்துக்குப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போகும் ஒரு தொழிற்கூட்டமே அந்த வட்டாரத்தில் உருவாயிற்று. 1991, 1992 வாக்கில் தாய் சாக்புரூட் என்ற நச்சுயிரி நோய் தென்னிந்தியாவின் நாட்டுத் தேனீக் கூட்டங்களில் மிகப் பெரும்பகுதியை அழித்தது. பெட்டிகள் காலியாகின. ஒரு தொழில் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் தேனீ மீண்டபோது தொழிலும் மீண்டது. ஏனென்றால் நல்ல தேன் எது என்ற அறிவு பூச்சியோடு சாகவில்லை, குடும்பங்களில் இருந்தது. 2023இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நூறாண்டுக்கு முன்பு மன்றம் மேசைமேல் வைத்த அளவுகோலுக்கு அரசாங்கம் போட்ட முத்திரை என்றே அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

கர்னலில் படித்த இன்னொருவரான லெனார்டு எல்ம்ஹர்ஸ்ட், 1922இல் தாகூரோடு சேர்ந்து வங்காளத்தில் ஸ்ரீநிகேதனைத் தொடங்கினார். அங்கும் சிறுவர் அணிகள் இருந்தன, விளைபொருள் கண்காட்சியோடு ஆண்டுத் திருவிழா இருந்தது. அதைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது, விட்டுவிடுகிறேன். நமக்கு அதிகம் தேவைப்படுவது தோல்வியின் கதை. சுதந்திரத்துக்குப் பின் 1952 அக்டோபர் 2ஆம் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. மார்த்தாண்டம் போன்ற முன்னோடி முயற்சிகளின் வாசனை அதில் உண்டு. ஊருக்கு ஊர் இளைஞர் மன்றம், மாதர் சங்கம் என்று பலகை தொங்கியது. ஐந்தே ஆண்டில், 1957இல், அதை ஆராய்ந்த பல்வந்த்ராய் மேத்தா குழு மக்களின் சொந்த முனைப்பை இத்திட்டம் தட்டி எழுப்பவில்லை என்று எழுதியது. காரணங்கள் பல. இளைஞர் மன்றத்தைப் பொறுத்தவரை எனக்குத் தெரிவது இது: மன்றத்துக்கு வாலிபால் வந்தது, வலை வந்தது, வானொலிப் பெட்டி வந்தது; அளந்து பார்க்கும் வேலை வரவில்லை. எத்தனை மன்றம் திறந்தாய் என்பதுதான் மேலிருந்து கேட்கப்பட்ட கணக்கு. 1972இல் தொடங்கிய நேரு யுவ கேந்திராவும் நல்ல இளைஞர்கள் பலரை உருவாக்கியது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் நினைவில் இருப்பது சான்றிதழும் விளையாட்டுச் சாமானும்தான்.

போட்டியையே கைவிடாமல் நடத்தியும் அளவுகோல் சிக்கலாவது உண்டு. 1949 முதல் நடந்த அகில இந்தியப் பயிர் விளைச்சல் போட்டி, வென்றவருக்குக் கிருஷி பண்டிட் பட்டம் கொடுத்தது. இப்போது தமிழக அரசு திருந்திய நெல் சாகுபடியில் அதிக விளைச்சல் எடுப்பவருக்குக் குடியரசு நாளன்று 5 லட்சம் ரூபாயும் பதக்கமும் தருகிறது. விவசாயிகள் சங்கத் தலைவர் சி. நாராயணசாமி நாயுடுவின் பெயரில் அந்த விருது. நோக்கத்தில் குறையில்லை. ஏக்கருக்கு எத்தனை கிலோ என்ற ஒற்றை அளவுக்கு ஒரு குறை உண்டு: அந்தக் கிலோவுக்குச் செலவான உரத்தையும் தண்ணீரையும் அது சொல்லாது. 2011இல் பீகாரின் நாலந்தா மாவட்டம் தர்வேஷ்புரா கிராமத்தில் ஒரு ஹெக்டேருக்கு 22.4 டன் என்ற கணக்கில் நெல் விளைந்ததாக அறிவிக்கப்பட்டபோது, கலப்பின நெல்லின் தந்தை என்று போற்றப்பட்ட சீன விஞ்ஞானி யுவான் லோங்பிங் நம்பவே மறுத்தார். யார் சொன்னது சரி என்ற வழக்கில் நான் தீர்ப்புச் சொல்லவில்லை. எடை போட்ட விதத்தை எல்லோரும் ஏற்கும்படி முன்கூட்டியே ஒப்புக்கொள்ளாவிட்டால் உலக சாதனைகூட வம்பாகத்தான் முடியும் என்பதற்குச் சொன்னேன்.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். முதலாவது, போட்டி பொறாமையை வளர்க்கும், இருப்பவனே ஜெயிப்பான் என்பது. பாதி உண்மை. நல்ல நிலமும் கிணறும் உள்ளவன் மகன் ஒரு காணி குத்தகைக்காரன் மகனை எளிதாகத் தோற்கடிப்பான். இதற்கு அமெரிக்கக் கண்காட்சிகளே ஒரு மாற்றுக் கண்டுபிடித்து, டென்மார்க்கு முறை என்று பெயர் வைத்திருக்கின்றன. முதலாவது இரண்டாவது என்று ஆளை வரிசைப்படுத்துவதில்லை. குறித்த தரத்தை எட்டிய பொருள் எத்தனை இருந்தாலும் அத்தனைக்கும் நீலநாடா. அதற்கு அடுத்த தரத்துக்குச் சிவப்பு. அதற்கும் கீழே வெள்ளை. இருபது பேருக்கு நீலம் கிடைக்கலாம். ஒருவருக்கும் கிடைக்காமலும் போகலாம். பக்கத்து வீட்டுக்காரனை வீழ்த்தினால்தான் பரிசு என்ற நிலை அங்கே இல்லை. ஒரே குடத்தை வைத்துக்கொண்டு நாற்பது வீட்டைப் பகைத்துக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல். நம் விழாக் குழுக்கள் யோசிக்கலாம்.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது. இந்த மன்றங்கள் அதிகாரத்தின் கைக்கருவிகள். பாதிரியார்கள் ஒரு நோக்கத்தோடு நடத்தினார்கள், விதை நிறுவனங்களும் வங்கிகளும் வேறொரு நோக்கத்தோடு பணம் கொடுத்தன, வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கா தெற்கு வியட்நாமில் இதே மாதிரி மன்றங்களை வளர்த்தது என்பார்கள். எல்லாம் உண்மை. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கருப்பினப் பிள்ளைகளுக்குத் தனி மன்றம், தனிக் கண்காட்சி என்று 1960கள் வரை பிரித்தே வைத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே அளவுகோல், இரண்டு மேசை. இதைவிட வெட்கக்கேடு வேறில்லை. ஆனால் இதிலிருந்து நான் எடுக்கும் முடிவு வேறு. அளவுகோலை யார் கையில் வைத்திருக்கிறார்களோ அவர்களிடம் அதிகாரம் இருக்கிறது என்பதைத்தான் இந்த வாதம் நிரூபிக்கிறது. அப்படியானால் அதை விட்டு ஒதுங்குவது நமக்கு எந்த வகையில் நன்மை? அதை நம் கைக்குக் கொண்டுவருவதுதானே வேலை. மார்த்தாண்டத்தில் வெள்ளைக்காரர் போன பிறகும் தேன் இருந்தது. அளவு கைமாறியிருந்ததால்தான் அது நடந்தது.

மூன்றாவது, முதலில் சொன்ன கேள்வி: இது கிராமம் இல்லையே. ஆமாம், இல்லை. ஆனால் இந்த வட்டாரத்தைப் போல அளவோடு வாழ்ந்த இடம் தமிழ்நாட்டில் குறைவு. 1946இல் திருவொற்றியூரில் பலூன் பொம்மை செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1948இல் தொடங்கி எண்ணூரில் ஆலை அமைத்த அசோக் லேலண்ட், 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு என்று ஆலைகள் வந்தன. ஒரு மயிரிழை பிசகினாலும் பாகத்தைத் தூக்கி எறியும் மைக்ரோமீட்டர் பழக்கம் இங்கே இரண்டு மூன்று தலைமுறையாக வீடுகளில் இருக்கிறது. ஃபிட்டரும் டர்னரும் வெல்டரும் இல்லாத தெரு இங்கே உண்டா? அந்த அறிவு ஆலை வாசலோடு நின்றுவிட்டது, மன்றத்துக்குள் வரவில்லை. கடல் பக்கம் பாருங்கள். கருவாடு போடுவதை எடுத்துக்கொள்வோம். மணலில் கொட்டிக் காயவைத்த நெத்திலிக்கும், உயரமான பந்தலில் வலைவிரித்துக் காயவைத்த நெத்திலிக்கும் சுத்தத்தில் பெரிய வேறுபாடு உண்டு. உப்பின் அளவும் ஈரமும் சரியாக இருந்தால் அது தாங்கும் நாளும் கூடும். மார்த்தாண்டத்து முட்டைக்கு நேர்ந்ததுதான் இதற்கும் நேர்கிறது. எல்லாம் ஒரே கூடையில் ஒரே விலைக்குப் போனால், பந்தல் போட்டு உழைத்த அம்மாவுக்கு என்ன மிச்சம்?

அளவுகோல் இல்லாததன் கசப்பை எண்ணூர் மக்கள் 2023 டிசம்பரில் பார்த்துவிட்டார்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. படகிலும் வலையிலும் அலையாத்திச் செடியிலும் கறுப்பாக ஒட்டியது. அந்த மாதமே 26ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தது. எவ்வளவு எண்ணெய், எங்கிருந்து, எத்தனை நாள், எவ்வளவு இழப்பு என்ற கேள்விகள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயின. அங்கே பேசியவை பெரும்பாலும் ஆலைகளின் கணக்கும் வாரியங்களின் கணக்கும். மீனவரிடம் வாய்மொழி இருந்தது. ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் எழுதிய ஏடு இல்லை. கிரஹாமின் லிட்மஸ் தாள் எண்ணெயைக் காட்டாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் நீரின் புளிப்பு, நிறம், வாடை, அன்று கிடைத்த இறாலின் எடை, நண்டின் எண்ணிக்கை என்று குப்பத்துக்கு ஒரு பிள்ளை தினமும் ஒரு வரி எழுதியிருந்தால், டிசம்பருக்கு முன்பு எப்படி, பின்பு எப்படி என்று ஒரு கேள்விக்காவது மறுக்க முடியாத பதில் இருந்திருக்கும். ஜெர்ரி மூர் கால மன்றங்கள் பிள்ளைகளை எழுத வைத்த அந்தக் கணக்குப் புத்தகம்தான் நான் கேட்பது.

ஆகவே மன்றப் பொறுப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். வருகிற பொங்கலுக்குக் கயிறு இழுப்பதையோ உறியடியையோ நிறுத்த வேண்டாம். அவற்றோடு இரண்டு மேசை போடுங்கள். ஒன்றில் கருவாடு, மற்றொன்றில் மாணவர் எழுதிய கழிமுக ஏடுகள். எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை ஒரு மாதம் முன்பே அச்சடித்துத் தெருவில் ஒட்டிவிடுங்கள். அந்த மதிப்பெண்ணை முடிவு செய்யும் கூட்டத்தில் கருவாடு போடும் பெண்களும் உட்கார வேண்டும். நடுவர் ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, ஏன் இந்தத் தரம் என்று ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். தரத்தை எட்டிய எல்லோருக்கும் நீலநாடா கட்டுங்கள். காசிமேட்டு மீன் சந்தையிலிருந்து இரண்டு வியாபாரிகளை அழைத்து, அந்த மேசையிலேயே விலை கேட்கச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு உங்கள் மதிப்பெண் பட்டியலில் எது பிழை என்று யாராவது ஒரு பதினாறு வயதுப் பெண் எழுந்து சொன்னால், அவளை உட்காரச் சொல்லாதீர்கள், தராசைக் கொண்டுவாருங்கள்.